மூன்று குவியல் கணக்கு: கமிஷனுக்கு மட்டும் விற்பனையாள் வைப்பது எப்படி?

பேசாலைப் பக்கம் ஒருவர் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்றத்தில் இரண்டு பந்தல், நான்கு பெண்களுக்கு வேலை, பாக்கெட் ஒட்ட ஒரு மெஷின். கட்டாவும் பாரையும் நெத்தலியும் மணல் படாமல் சுத்தமாகக் காய்கின்றன. மன்னார் பஜாரில் பத்துக் கடைகள் எடுக்கின்றன. அதற்கு மேல் நகரவில்லை. நகராதுதான், கருவாடு காயாத ஊரில்தான் கருவாட்டுக்கு விலை. மதவாச்சி, அநுராதபுரம், கண்டி என்று சாமானைக் கொண்டுபோக ஆள் வேண்டும். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கக் கையில் காசு இல்லை.

அப்போது யாராவது ஒருவர் வழி சொல்வார்: “சம்பளம் ஏன்? கமிஷனுக்கு ஆளைப் போடு. வித்தாக் குடு, விக்காட்டி விடு.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரம் போகிறது, மூன்று பெடியன்கள் வருகிறார்கள், இரண்டு மாதத்தில் மூவரும் போய்விடுகிறார்கள். ஒருவர் கையில் கடைக்காரர் கொடுத்த காசு; இன்னொருவர் வீட்டில் விற்காத பாக்கெட்டுகள். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை” என்று முதலாளி முடிவு கட்டுகிறார். தவறு பெரும்பாலும் பிள்ளைகளிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

கமிஷன் மட்டும் என்றால் என்ன?

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவருடைய நேரத்தை வாங்குகிறீர்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் மாத முடிவில் காசு கொடுக்க வேண்டும். விற்காத மாதத்தின் நட்டம் உங்கள் தலையில்.

கமிஷனுக்கு மட்டும் ஆள் வைத்தால் அவர் கொண்டுவரும் விற்பனையை மட்டும் வாங்குகிறீர்கள். விற்காத மாதத்தின் நட்டம் அவர் தலையில். பெட்ரோல் அவருடையது, சாப்பாடு அவருடையது, கடை பூட்டிக் கிடந்தால் திரும்பி வரும் தூரமும் அவருடையது.

ஆக, இங்கே நட்டம் இல்லாமல் போய்விடவில்லை. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியிருக்கிறது. பிறர் நட்டத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறவர் அதற்கு விலை கேட்பார். அந்த விலைதான் கமிஷன் வீதம். சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற வழி என்று நினைத்து இதில் இறங்குகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. சம்மாட்டியின் படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது; பிடிபட்டதில் பங்கு. ஆனால் அந்தப் பங்கில் ஒரு நியாயம் உண்டு. மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவும் ஐஸும் சாப்பாடும் கழிக்கப்படும். மிச்சம்தான் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்குமாகப் பிரியும். செலவைப் படகும் சுமக்கிறது, ஆளும் சுமக்கிறார். ‘கமிஷன் மட்டும்’ என்று இன்று கடைத்தெருவில் பேசப்படும் ஏற்பாட்டில் செலவு முழுவதும் ஆள் தலையில் விழுகிறது. அதாவது, கடற்பங்கைவிடக் கடுமையான பேரம் இது. ஆளைக் கூப்பிடுமுன் முதலாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அரிப்புக் கரையின் பழைய கணக்கு

சம்பளம் இல்லாமல் பங்குக்கு மட்டும் ஆயிரக்கணக்கானோரை வேலை வாங்கிய பெரிய தொழில் ஒன்று இந்தக் கரையிலேயே நடந்திருக்கிறது: முத்துக்குளிப்பு. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி என்று மன்னாரின் தெற்குக் கரையில், ‘பார்’ எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டு விளைந்த ஆண்டுகளில் முகாம் போடுவார்கள். அரிப்பில் இன்று இடிந்து கிடக்கும் ‘அல்லிராணிக் கோட்டை’, ஆங்கில ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகைதான்.

குளிப்பவர்கள் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் வந்தார்கள். அரசாங்கம் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவர்கள் அள்ளிவந்த சிப்பியில் ஒரு பங்கை அவர்களுக்கே விட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது நான்கில் ஒன்று. 1900களின் தொடக்கத்தில் மூன்றில் ஒன்று.

பிரித்த விதத்தைப் பாருங்கள். பிற்பகலில் படகுகள் கரை சேரும். சிப்பியை ‘கொட்டு’ என்ற வேலியடைத்த வளவுக்குள் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். மூன்று குவியலாகப் பிரிப்பவர்கள் குளித்தவர்களே. எந்த இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு என்று காட்டுபவர் அதிகாரி. மிஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. எது தமக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூன்றையும் ஒரே அளவாகப் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. தராசு வேண்டாம், சண்டை வேண்டாம். தம் பங்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் வாங்க வியாபாரிகள் காத்திருப்பார்கள். அன்றைய உழைப்புக்கு அன்றைக்கே காசு. அரசாங்கத்தின் சிப்பி மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வருமானம். அந்த மயக்கத்தில் மறு ஆண்டு, 1906இல், லண்டன் கம்பனி ஒன்று முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 310,000 ரூபாய், விளைந்தாலும் விளையாவிட்டாலும். 1907க்குப் பிறகு பார் கைகொடுக்கவில்லை. குத்தகைக் காலத்தில் பாதிகூட ஆகுமுன் கம்பனி கலைந்தது. பங்குக்கு வந்தவர்கள் விளையாத ஆண்டில் வேறு கடலுக்குப் போனார்கள். நிலையான தொகைக்குக் கையெழுத்துப் போட்டவர் மூழ்கினார்.

இந்தக் கரை நமக்கு விட்டுப்போன பாடம் மூன்று. பங்கு எவ்வளவு என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பங்கு பிரிப்பதை இரு தரப்பும் கண்ணால் பார்க்க வேண்டும். பங்கு அன்றன்றைக்குக் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சம்பளம் இல்லாமலும் ஆள் வருவார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நல்ல ஆள் நிற்க மாட்டார்.

ஒரு பாக்கெட்டின் கணக்கு

இனி நம் பேசாலைக்காரரின் கொப்பியைத் திறப்போம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கடைக்கு ஒரு பாக்கெட் 800 ரூபாய்க்குப் போகிறது. மீன், உப்பு, கூலி, பாக்கெட், மின்சாரம் எல்லாம் சேர்த்து 560. பஸ்ஸிலோ லொறியிலோ ஏற்றி அனுப்ப 60. மிச்சம் 180. இந்த 180க்குள்தான் விற்பவருக்கும் முதலாளிக்கும் இடம்.

முதலாளி 10 வீதம் தருகிறேன் என்கிறார். பாக்கெட்டுக்கு 80 ரூபாய். தனக்கு 100 நிற்கும். நல்ல கணக்கு போலத்தான் தெரிகிறது.

இப்போது விற்பவர் பக்கம் போய் நின்று பாருங்கள். காலை மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். பன்னிரண்டு கடை ஏறி இறங்குகிறார். நான்கு கடைகள் ஐந்தைந்து பாக்கெட் எடுக்கின்றன. இருபது பாக்கெட், 16,000 ரூபாய் விற்பனை. அவர் கமிஷன் 1,600. பெட்ரோல் 450, சாப்பாடும் போனும் 450. கையில் மிஞ்சுவது 700. மாதம் 24 நாள் ஓடினால் 16,800 ரூபாய். இலங்கையில் 2026 ஜனவரி முதல் சட்டப்படியான ஆகக்குறைந்த மாத வேதனமே 30,000. மேசன் கையாளாகப் போனாலும் இதைவிட மேல் என்று அவருக்கு இரண்டாம் மாதம் தெரிந்துவிடும். அவர் போவது சோம்பலில் அல்ல.

வீதத்தை 15 ஆக்குங்கள். பாக்கெட்டுக்கு 120. நாளுக்கு 2,400, செலவு போக 1,500, மாதம் 36,000. இந்த ஆள் நிற்பார். முதலாளிக்குப் பாக்கெட்டுக்கு 60 மிஞ்சும். மாதம் 480 பாக்கெட்டுக்கு 28,800.

இதே ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால்? சம்பளம் 30,000. முதலாளி செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், 3,600. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், 900. ஓட்டச் செலவு 21,600. மொத்தம் 56,100. கமிஷனில் கொடுத்தது 57,600. பார்த்தீர்களா? சாமான் நன்றாக ஓடும் மாதத்தில் கமிஷன் ஒரு சதமும் மலிவு இல்லை, சற்று அதிகம்.

வித்தியாசம் தெரிவது ஓடாத மாதத்தில். 240 பாக்கெட்தான் போனது என்று வையுங்கள். சம்பளக்காரர் என்றால் முதலாளிக்கு 12,900 ரூபாய் நட்டம். கமிஷன்காரர் என்றால் முதலாளிக்கு 14,400 இலாபம். ஆனால் வெயிலில் ஓடியவருக்கு மாதம் முழுவதற்கும் மிஞ்சியது 7,200. அந்த ஒரு மாதத்தில் 27,300 ரூபாய் பாரத்தை அவர் உங்களுக்காகச் சுமந்திருக்கிறார்.

அதனால் வீதத்தை “மற்றவன் எவ்வளவு கொடுக்கிறான்” என்று கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு நாளில் உண்மையாக எத்தனை கடை ஏறலாம், எத்தனை கடை எடுக்கும், எத்தனை ரூபாய் செலவு, குடும்பம் நடத்த அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் போடுங்கள். அதற்கு இரண்டு வாரம் நீங்களே அந்த மோட்டார் சைக்கிளில் போய் விற்றுப் பாருங்கள். நீங்களே விற்க முடியாத சாமானை, உங்கள் சாமானைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கமிஷனுக்காக விற்றுத் தருவார் என்று நம்புவது கனவு. அந்த வீதத்தைக் கொடுத்தால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குச் சொன்னால், உங்கள் விலையிலோ செலவிலோதான் கோளாறு. ஆளை மாற்றித் தீராது.

விற்றதற்கா, காசு வந்ததற்கா?

நம் கடைத்தெருவில் சாமான் போவது பெரும்பாலும் கடனுக்கு. இந்த முறை போட்டதற்கு அடுத்த முறை காசு, அல்லது ஒரு மாதத் தவணைச் செக். கமிஷனை எப்போது கொடுப்பது என்ற கேள்வி இங்கே எழும்.

சாமான் போட்டவுடன் முழுக் கமிஷனையும் கொடுத்தால் எந்தக் கடை காசு தரும், எது தராது என்று பார்க்காமல் எல்லாக் கடைக்கும் அள்ளிப் போடுவார். காசு வந்த பிறகுதான் முழுக் கமிஷனும் என்றால் அவர் முதல் ஒன்றரை மாதம் சொந்தக் காசில் பெட்ரோல் அடிக்க வேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்க மாட்டார்.

உடைத்துக் கொடுப்பது நல்லது. 15 வீதம் என்றால், சாமான் போட்டுக் கடைக்காரரின் கையெழுத்து வந்ததும் 8, காசு வந்ததும் 7. விற்பதும் காசு சேர்ப்பதும் இரு வேறு வேலைகள். இரண்டுக்கும் தனித்தனி விலை உண்டு. இது பழைய ஞானம்தான். 1877இல் இலங்கைக்கு வந்த சிங்கர் நிறுவனம் தையல் மெஷினைத் தவணைக்குக் கொடுத்துப் பரப்பியது. உலகம் முழுவதும் அந்த நிறுவனத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போனது மெஷினை விற்க மட்டுமல்ல, தவணையைச் சேர்க்கவும்தான். இரண்டுக்கும் கமிஷன் இருந்ததால்தான் காசு கட்டக்கூடிய வீடு எது என்று பார்த்து மெஷின் இறங்கியது.

கொடுக்கும் நாளும் முக்கியம். மாதக் கடைசி என்று இழுக்காதீர்கள். சனிக்கிழமை பின்னேரம் இருவரும் உட்கார்ந்து, அந்த வாரப் பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கூட்டி, கையில் கொடுத்துவிடுங்கள். முத்துக்குளித்தவர் தன் குவியலை அன்றே தூக்கிப் போனது போல இது.

எழுதிவைக்க வேண்டியவை

தெரிந்த பிள்ளை, சொந்தக்காரப் பிள்ளை என்பதால் எழுத்தில் வைக்கக் கூச்சப்படுகிறோம். பின்னால் முகம் பார்க்காமல் போவது அந்தக் கூச்சத்தால்தான். ஒரு தாளின் இரண்டு பக்கம் போதும். இவை அதில் இருக்கட்டும்:

எந்தச் சாமானுக்கு எத்தனை வீதம்; எந்த விலையின் மேல். கடைக்காரருக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து போகும். தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் அவருக்கு எவ்வளவு மட்டும்.

எந்த ஊர்கள் அவருடையவை. வவுனியாவிலிருந்து மதவாச்சி மட்டும் ஒருவருக்கு, அநுராதபுரம் இன்னொருவருக்கு என்று பிரித்துவிடுங்கள். ஒரே கடைக்கு உங்கள் ஆட்கள் இருவர் போய் நின்றால் கடைக்காரர் இருவரையும் மோதவிட்டு விலையை இறக்குவார்.

அவர் பிடித்த கடை பிறகு உங்களுக்கே போன் எடுத்து ஓடர் தந்தால் கமிஷன் உண்டா. நான் கேள்விப்பட்ட மனக்கசப்புகளில் பாதி இதில்தான் தொடங்கியிருக்கிறது. மூன்று மாதம் அலைந்து ஒரு பெரிய கடையைப் பிடித்துத் தருகிறார். நாலாம் மாதம் முதலாளியும் கடைக்காரரும் நேரே பேசிக்கொள்கிறார்கள். பிடித்துக் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. செய்தி ஊரில் பரவினால் அடுத்த ஆள் உங்களுக்கு நல்ல கடை எதையும் காட்ட மாட்டார். அவர் பிடித்த கடை என்றால், அவர் வேலையில் இருக்கும் மட்டும் கமிஷன் அவருக்கு. விலகிப் போனால் இன்ன மாதம் வரை என்று எழுதுங்கள்.

திரும்பி வரும் சாமான். மழை நாளில் பூஞ்சணம் பிடித்தால் அது பாக்கெட் போட்டவர் பிழை. விற்றவரின் கமிஷனில் கைவைக்கக் கூடாது. கடைக்காரர் கேட்காத அளவை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அது விற்றவர் பிழை. அந்தக் கமிஷன் கழியும்.

காசு யார் கையில். முடிந்தவரை கடைக்காரர் நேரே உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும். ரொக்கமாக வாங்கினால் இலக்கமிட்ட மூன்று பிரதிப் பற்றுச்சீட்டுப் புத்தகம்: ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு. அவநம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். முத்துக்குளிப்புப் படகிலும் காவலாள் இருந்தார். கணக்குத் தெளிவாக இருந்தால் நேர்மையான ஆளுக்கு அது காப்பு.

முகவரா, ஊழியரா?

இலங்கைச் சட்டத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ‘இவர் என் ஊழியர் அல்ல, கமிஷன் முகவர்’ என்று தாளில் எழுதிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தகராறு தொழில் திணைக்களத்துக்கோ தொழில் நியாய மன்றுக்கோ போனால், பெயரைவிட நடைமுறையைத்தான் பார்ப்பார்கள்.

காலை எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களா? இன்றைக்கு எந்த வீதி என்று நீங்களே சொல்கிறீர்களா? உங்கள் மோட்டார் சைக்கிளா? வேறு யாருடைய சாமானையும் விற்கக் கூடாது என்கிறீர்களா? லீவுக்கு உங்களிடம் கேட்க வேண்டுமா? இவற்றுக்கு ‘ஆம்’ என்றால் அவர் பெரும்பாலும் ஊழியர்தான், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும். மாறாக, அவர் தன் வண்டியில், தனக்கு வசதியான நேரத்தில், உங்கள் கருவாட்டோடு இன்னொருவரின் பனங்கட்டியையும் வேறொருவரின் உப்பையும் சேர்த்து விற்றால் அவர் தனித் தொழில் செய்கிற முகவர்.

ஊழியர் என்று ஆகிவிட்டால் கமிஷனுக்கு வேலை செய்கிறார் என்பதால் விலக்குக் கிடைக்காது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கமிஷன் அடிப்படையில் வேலை செய்யும் ஊழியருக்கும் பொருந்தும். அவர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் பங்கு 3 வீதம். இவற்றை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். சேமலாப நிதியைக் கட்டாமல் இழுத்தால் தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். விற்பனை குறைந்த மாதத்திலும் அவர் கைக்கு ஆகக்குறைந்த வேதனம் போயாக வேண்டும்.

முகவர் என்றால் இவை இல்லை. ஆனால் விற்பனை முகவர் ஒருவருக்கு மாதத்துக்கு 100,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் கொடுத்தால் 5 வீத வரியைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. அந்த அளவுக்கு விற்கிற முகவர் கிடைத்தால் அது சந்தோஷமான பிரச்சினைதான்.

சுருக்கமாக: ஊழியரைப் போல ஆட்டிவைக்கவும் வேண்டும், முகவரைப் போல கைகழுவவும் வேண்டும் என்றால் நடக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சேரக் காசு கேட்டால்

வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கமிஷன்’ என்ற சொல்லின் மறைவில் வருகிற இன்னொரு சரக்கு உண்டு. சேர்வதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டும். உங்களுக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்தால் கமிஷன். அவர்கள் நாலு பேரைச் சேர்த்தால் மேலும் கமிஷன். இது பிரமிட் திட்டம். இலங்கையின் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இதைத் தடை செய்கிறது. நடத்துவது குற்றம், ஆள் சேர்ப்பதும் குற்றம். அடையாளம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இந்தக் கமிஷன் சாமானைச் சாப்பிடுகிற, உடுக்கிற, பாவிக்கிற ஒருவர் கொடுத்த காசிலிருந்து வருகிறதா, அல்லது புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய காசிலிருந்தா? இரண்டாவது என்றால் வாசற்படி தாண்ட வேண்டாம்.

நேர்மையான முதலாளியும் இதில் கவனமாக இருக்க வேண்டும். சாம்பிள் பாக்கெட்டுகளுக்கு ஆளிடம் காசு வாங்காதீர்கள். கொடுத்து, கணக்கில் எழுதி, விற்றபின் கழியுங்கள்.

எங்கே பொருந்தும்?

கமிஷன் மட்டும் என்ற ஏற்பாடு பொருந்துகிற இடங்கள் உண்டு. ஏற்கனவே கடைக்குக் கடை போய்வருகிற ஒருவர், பிஸ்கட்டோ சோப்போ விற்கிறவர், உங்கள் சாமானையும் பையில் வைத்துக்கொள்கிறார் என்றால் நல்லது. அவருக்கு மேலதிகப் பெட்ரோல் இல்லை. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வரும் நாட்களில் கடை போட்டு விற்கக் கமிஷனுக்கு ஆள் வைக்கலாம். சில நாள் வேலை, சனம் தானாக வருகிறது. கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் சொந்தக்காரர் தன் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு விற்றுத் தருவது இன்னும் நல்லது.

பொருந்தாத இடம்: யாருக்கும் தெரியாத புதிய சாமான், தெரியாத ஊர், வேறு வருமானம் இல்லாத ஆள். முதல் மூன்று மாதம் கடைக்காரர் முகம் பழகவே போய்விடும். அந்த மூன்று மாதப் பசியை அவர் தாங்க முடியாது.

பருவத்தையும் மறக்க வேண்டாம். சோளகக் காற்றும் வெயிலும் அடிக்கும் மாதங்களில் கருவாடு குவியும். வாடைக் காற்றோடு மழை இறங்கினால் பந்தல் வெறுமையாகும். விற்க ஆள் இருந்தும் சாமான் இல்லாத மாதத்தில் கமிஷன்காரருக்கு வருமானம் பூச்சியம், அவர் பிழை ஒன்றும் இல்லாமலே. கோடையில் சேர்த்து வையுங்கள். முடியாவிட்டால் அந்த மாதங்களில் வேறு சாமான் விற்க அவரைத் தாராளமாக விடுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு, எனக்குத் தெரிந்து சிறு தொழிலுக்கு மிக உகந்தது. படகுக் கணக்கைப் போல ஓட்டச் செலவை முதலில் தொழிலே ஏற்பது, கமிஷன் வீதத்தைச் சற்றுக் குறைப்பது. நம் உதாரணத்தில் நாளுக்கு 900 ரூபாய் செலவைக் கொடுத்து வீதத்தை 9 ஆக்கினால், பாக்கெட்டுக்கு 72 ரூபாய். நாளுக்கு இருபது விற்றால் 1,440. கிட்டத்தட்ட பழைய 1,500தான் அவர் கைக்கு. ஆனால் பத்துத்தான் விற்ற நாளில் 300 ரூபாயோடு போகாமல் 720 ரூபாயோடு வீட்டுக்குப் போவார். நட்டத்தை இருவரும் சுமக்கிறீர்கள்.

முற்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம். வாங்கிய முற்பணத்துக்காக மீனைக் கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை என்னவென்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடனால் நிற்கிற ஆள் விற்க மாட்டார்; போக வழி பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் கமிஷன் தாளை எழுதி முடித்ததும் அதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். நீங்கள் முதலாளியாக இல்லாமல், மோட்டார் சைக்கிளில் போகிறவராக இருந்தால் இதில் கையெழுத்துப் போடுவீர்களா? மூன்று குவியலையும் போட்டவருக்கு எது தன் பங்கு என்று தெரியாது. அதனால்தான் மூன்றும் சமமாக இருந்தன. கையெழுத்துப் போடத் தயங்குவீர்கள் என்றால், ஆளைக் கூப்பிடுமுன் தாளைத் திருத்துங்கள்.